வாயால் சொல்கிறான், வாசிக்க வரவில்லை: 4-ஆம் வகுப்புப் பையனுக்கு வகுப்பறையில் என்ன செய்யலாம்?

காரைக்குடி பக்கம் ஓர் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளியில் 4-ஆம் வகுப்பு எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள், டீச்சர். வகுப்பில் 32 பிள்ளைகள். அதில் ஒரு பையன், எதைக் கேட்டாலும் டக்கென்று வாயால் பதில் சொல்லிவிடுகிறான். புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரியைத் தாண்டுவதற்குள் திணறிப்போகிறான். அவனுடைய அம்மா சோம்பேறித்தனம் என்கிறார். தலைமையாசிரியர், சிறப்புப் பள்ளியில் சேர்க்கச் சொல்லுங்கள் என்கிறார். இது டிஸ்லெக்ஸியாவா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு), மற்ற 31 பேரையும் வைத்துக்கொண்டு இவனுக்கு நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி இரண்டாகத் தெரிந்தாலும், உங்களை உறுத்துவது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். முதல் கேள்விக்கு விடை வரும்வரை அதை ஒத்திப்போட வேண்டியதே இல்லை. இந்த வாரமே தொடங்கலாம்.

சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை என்று இந்தப் பக்கத்து ஒன்றியங்களில் சிறப்புப் பயிற்றுநராகப் பள்ளி பள்ளியாகப் போய்வந்த அனுபவத்தில் சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை, உளவியலாளரும் இல்லை. நேரில் பார்க்காத பிள்ளைக்கு இன்ன குறைபாடு என்று இங்கிருந்தே பெயர் வைக்க முடியாது; வேறு யாராவது வைத்தாலும் நம்பாதீர்கள். ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளம் புதிதல்ல. 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். புத்திசாலி, கணக்கு வரும், வாசிக்க மட்டும் வரவில்லை. பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாக அந்தக் குறிப்பில் இருக்கிறது. நீங்கள் உங்கள் பையனைப் பற்றி எழுதியிருப்பதும் கிட்டத்தட்ட அதேதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பையன் விஷயத்தில் உங்களுக்கு இரண்டு வேலை இருக்கிறது. அவனுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பது ஒரு வேலை. அறிவியல், சமூக அறிவியல், கணக்கு எல்லாம் மற்றவர்களோடு சேர்ந்து அவனுக்கும் போய்ச் சேரும்படி செய்வது இன்னொரு வேலை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும்போதுதான் பிள்ளை கெடுகிறான். "முதலில் வாசிக்கக் கற்றுக்கொள்ளட்டும், அப்புறம் பாடம்" என்று விட்டால், வாசிப்பு வருவதற்குள் இரண்டு மூன்று வருஷப் பாடம் கைநழுவிப் போயிருக்கும். "பாவம், வாயால் சொன்னால் போதும்" என்று விட்டால் வாசிப்பு வராமலே போய்விடும். இரண்டும் தினமும் நடக்க வேண்டும், தனித்தனியாக நடக்க வேண்டும்.

சந்தேகமில்லாமல் தெரிந்தவை சில உண்டு. டிஸ்லெக்ஸியாவுக்கும் புத்திக்கூர்மைக்கும் சம்பந்தமில்லை. அது பெரும்பாலும் குடும்பத்தில் ஓடும். அப்பாவுக்கோ மாமாவுக்கோ பள்ளிக்கூடத்தில் இதே பாடு இருந்ததா என்று விசாரித்தால் பல வீடுகளில் ஆமாம் என்பார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பிரச்சினை கண்ணில் இல்லை. பேச்சை ஒலி ஒலியாகப் பிரித்துப் பார்ப்பதிலும், அந்த ஒலியை எழுத்தோடு ஒட்டவைப்பதிலும் இருக்கிறது. செல்போன் பார்ப்பதாலோ வளர்ப்பு சரியில்லாததாலோ இது வருவதில்லை. ஒலிக்கும் எழுத்துக்குமான தொடர்பை ஒழுங்கான வரிசையில், வெளிப்படையாக, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தால் முன்னேற்றம் வரும். சின்ன வயதில் தொடங்கினால் பலன் அதிகம். 9 வயது என்பது தாமதமில்லை.

ஆனால் வாசிக்க வராத எல்லாப் பிள்ளைக்கும் கற்றல் குறைபாடு இருப்பதில்லை. முதலில் கண், காது இரண்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஒரு காதில் அடிக்கடி சீழ் வடியும் பிள்ளை பாதிப் பாடத்தைக் கேட்டிருக்கவே மாட்டான். அடுத்து, பழைய வருகைப் பதிவேட்டைப் புரட்டுங்கள். கொத்தனார் வேலைக்கோ சமையல் வேலைக்கோ அப்பா அம்மா வெளியூர் போகிற வீட்டுப் பிள்ளைகள் 1, 2-ஆம் வகுப்பில் பாதி நாள் வந்திருக்க மாட்டார்கள். கற்றுக்கொடுக்கப்படாததும் கற்க முடியாததும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். இன்னொன்று, நம்முடையதைப் போன்ற எழுத்துமுறை கொண்ட கன்னடத்தில் நடந்த ஆய்வுகளைப் பார்த்தால், எல்லா எழுத்தும் கைவசமாகச் சாதாரணப் பிள்ளைகளுக்கே 4-ஆம் வகுப்பு வரை ஆகிறது. அதனால் 2-ஆம் வகுப்பில் உயிர்மெய் தடுமாறுவதை வைத்துப் பயப்பட வேண்டாம். 4-ஆம் வகுப்பில் கொம்பும் காலும் இன்னும் குழம்புகிறது என்றால் கவனிக்கத்தான் வேண்டும்.

எங்கே குழம்புகிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். கல்லல் பக்கம் ஒரு பள்ளித் தாழ்வாரத்தில் ஒரு சிறுமி 'தோட்டம்' என்ற சொல்லை வாசித்தாள். விரல் கொம்பில் நின்றது. "தே" என்றாள். விரல் நகர்ந்து காலுக்கு வந்தது. "தே...ர" என்றாள். அப்புறம் "தேரட்டம்". அப்படி ஒரு சொல் இல்லை என்று அவளுக்கே தெரிகிறது. என் முகத்தைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்தாள், "பூச்செடி" என்றாள். மேலோட்டமாகப் பார்த்தால் பிள்ளை கவனமில்லாமல் எதையோ உளறுவதாகத் தோன்றும். உண்மையில் அவள் மூன்று காரியம் செய்திருக்கிறாள். துணைக்காலை ர என்று எடுத்துக்கொண்டாள். அச்சில் இரண்டும் அப்படித்தான் இருக்கின்றன. வந்த சொல்லுக்குப் பொருள் இல்லை என்று கண்டுபிடித்தாள். படத்தை வைத்து ஊகித்தாள். அவளுக்குத் தெரியாமல் போனது ஒன்றுதான்: முன்னால் நிற்கும் கொம்பும் பின்னால் நிற்கும் காலும் சேர்ந்து ஒரே ஒலி என்பது.

நம் எழுத்தில் இது பெரிய இடறல். 'பெ'யில் கொம்பு முதலில் நிற்கிறது, ஒலியில் ப் முதலில் வருகிறது. 'தோ'வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. 'கௌ'வில் பின்னால் வருவது ள மாதிரியே இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் பார்த்துப் பார்த்தே இதைப் பிடித்துக்கொள்கிறார்கள். இவனைப் போன்றவர்களுக்கு வாய்விட்டுச் சொல்லித்தர வேண்டும். 247 எழுத்தையும் அட்டவணையாக ஒப்பிக்கவைப்பதால் இது வராது. ஒப்பிக்கச் சொன்னால் க, கா, கி, கீ என்று பாட்டாகச் சொல்லிவிடுவான். நடுவில் ஒரு எழுத்தைத் தொட்டுக் கேட்டால் திரும்ப முதலிலிருந்து பாடிக்கொண்டு வருவான். உங்கள் பையனிடம் சோதித்துப் பாருங்கள். அவன் கற்க வேண்டியது 12 உயிர், 18 மெய், 11 குறிகள். உ, ஊ வரிசையில் மட்டும் வடிவம் எழுத்துக்கு எழுத்து மாறும். அதைக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம்.

அந்தச் சிறுமிக்கு என்ன செய்தோம் என்றால், ஓகார வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டோம். த் என்று ஒரு அட்டை, ஓ என்று ஒரு அட்டை. இரண்டையும் தள்ளிவைத்துத் தனித்தனியாகச் சொல்லவைத்து, நெருக்கி நெருக்கிக் கொண்டுவந்து சேர்த்துச் சொல்லவைத்தோம். அதற்கு மேல் 'தோ' அட்டையை வைத்து, கொம்பையும் காலையும் ஒரே சிவப்பில் வரைந்தோம். பிறகு போ, கோ, சோ. பிறகு தோசை, சோறு, கோழி. இந்த வரிசை கையில் நிற்கும்வரை அடுத்த வரிசைக்குப் போகவில்லை. மற்ற பிள்ளைகள் ஒரே நாளில் தாண்டுகிற இடத்தில் இவர்களுக்கு ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அவசரப்பட்டால் போட்டது எல்லாம் கலைந்துவிடும்.

உங்கள் வகுப்பில் இதற்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள். தினமும் 15 நிமிஷம் போதும். ஆனால் தினமும் வேண்டும். வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் சேர்த்துவைத்துச் செய்வது இதற்கு ஈடாகாது. இவனை மட்டும் தனியாக உட்காரவைக்காதீர்கள். 32 பேரில் வாசிப்பில் பின்தங்கிய இன்னும் மூன்று நாலு பேர் நிச்சயம் இருப்பார்கள். அவர்களையும் சேர்த்தால் யாருக்கும் முத்திரை விழாது. அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் 1 முதல் 3-ஆம் வகுப்புக்குத் தொடங்கி, பிறகு 4, 5-க்கும் வந்துவிட்டது. அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்தச் சொல்கிறார்கள் அல்லவா? அரும்பு நிலைப் பிள்ளைகளோடு உட்காரும் அந்த நேரம் இதற்குக் கச்சிதமானது. மற்றவர்கள் பயிற்சிநூலைச் செய்துகொண்டிருக்கட்டும்.

அந்த 15 நிமிஷத்தின் முதல் சில நிமிஷத்துக்குப் புத்தகமே வேண்டாம். காதுக்கு மட்டும் வேலை. தேவகோட்டை என்ற பெயரை எத்தனை தட்டாகத் தட்டலாம்? தே-வ-கோட்-டை. அரண்மனையில் அரண் போய்விட்டால் மீதி என்ன? 'கல்' என்பதில் முதல் ஒலியை எடுத்துவிட்டுப் ப் போட்டால் என்ன வரும்? பிள்ளைகளுக்கு இது விளையாட்டு, கும்மாளம் போடுவார்கள். ஆனால் கடைசிக் கேள்வியில் இவன் மட்டும் திணறினால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், அது முக்கியமான தடயம். அப்புறம் அன்றைய குறி. அப்புறம் இதுவரை கற்ற எழுத்துகள் மட்டும் வரும் சொற்கள். கற்காத எழுத்து கலந்த சொல்லைக் கொடுத்தால் அவன் ஊகிக்கத்தான் செய்வான், ஊகிக்கும் பழக்கம்தான் நமக்கு எதிரி. வாசித்த அதே சொல்லை, ஒலியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதட்டும். முடிவில் நாலு வரிப் பத்தி ஒன்று. அதே பத்தியை நாலைந்து நாள் திரும்பத் திரும்ப வாசிக்கட்டும். திங்கட்கிழமை தட்டுத்தடுமாறியது வியாழக்கிழமை ஓடும். அது ஓடுவதை அவன் காதாலேயே கேட்பது அவனுக்குப் பெரிய தெம்பு.

தவறுகளைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தில் நிதானம் வேண்டும். 'இருக்கிறது' என்று அச்சிட்டிருப்பதை அவன் 'இருக்கு' என்று வாசித்தால், அது வாசிக்கத் தெரியாததால் வரும் தவறில்லை. சொல்லைப் பிடித்து, வீட்டில் பேசும் தமிழில் சொல்கிறான். 'தேரட்டம்' வேறு, இது வேறு. அதேபோல ல, ள, ழ குழப்பத்தை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். நம் பக்கப் பேச்சில் பழம் பளமாகத்தான் ஒலிக்கிறது. காதில் விழாத வேறுபாட்டைக் கையில் எதிர்பார்ப்பது எந்தப் பிள்ளைக்கும் கஷ்டம். எழுத்து விட்டுப்போவது, முன்பின் மாறுவது, ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவது, இவைதான் கவனிக்க வேண்டியவை. இம்போசிஷன் கொடுக்காதீர்கள். பத்துத் தடவை எழுதச் சொன்னால் முதல் தடவை செய்த தவறைப் பத்துத் தடவை பழகிக்கொள்வான், அவ்வளவுதான்.

இனி இரண்டாவது வேலை, பாடம். இங்கேதான் வகுப்பறையில் பெரிய அநியாயம் நடக்கிறது. நீர் ஆதாரங்கள் பற்றிப் பாடம் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைத் தண்ணீர் வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்கு எப்படி வருகிறது, நிரம்பினால் கலுங்கில் எப்படி வழிகிறது, மடையை எப்போது திறப்பார்கள், குடிக்கிற ஊரணியில் ஏன் கால் நனைக்க விடமாட்டார்கள் என்று அவன் அய்யாவோடு சுற்றியதை வைத்துப் புத்தகத்தில் இல்லாததையும் சேர்த்துச் சொல்வான். தேர்வுத் தாளில் 'தன்ணி கமாய் வறது' என்று ஒரு வரி இருக்கும். அதற்கு ஒரு மதிப்பெண்ணோ பூஜ்யமோ விழும். நாம் சோதித்தது அவனுடைய நீர் அறிவையா, எழுத்தையா? அறிவியல் தாளில் அறிவியலுக்குத்தான் மதிப்பெண் போட வேண்டும். எழுத்துப் பிழையைத் தமிழ்ப் பாட நேரத்தில், அந்த 15 நிமிஷத்தில் கவனியுங்கள். வகுப்புத் தேர்வில் கேள்வியை நீங்களோ பக்கத்துப் பிள்ளையோ வாசித்துக் காட்டலாம். அவன் சொல்லும் பதிலை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்; படம் வரைந்து பாகம் குறிப்பதும் பதில்தான். இதற்கெல்லாம் யாருடைய அனுமதியும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம்.

வரிசையாக எழுந்து நின்று ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கும் பழக்கம் உங்கள் வகுப்பில் இருந்தால், தயவுசெய்து இவன் முறை வரும்போது அப்படியே நிறுத்திவைக்காதீர்கள். தன் முறை எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டே இருக்கும் பிள்ளை காதில் எந்தப் பத்தியும் ஏறாது. முறையிலிருந்து அடியோடு விலக்கவும் வேண்டாம். அதுவும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். நாளைக்கு இந்த மூன்று வரி உனக்கு என்று முந்தின நாளே காட்டி, ஒரு தடவை வாசிக்கவைத்து அனுப்புங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதுவது இவனுக்குப் பெரிய சுமை. நிமிர்ந்து பார்த்து, நினைவில் வைத்து, குனிந்து எழுதுவதற்குள் பாதி அழிந்துவிடும். முன் வரிசையில், பலகைக்கு நேர் எதிரே உட்காரவையுங்கள். முக்கியமான நாலு வரியை மட்டும் எழுதட்டும், மீதியைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டிலிருந்து ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். பாடநூலில் இருக்கும் கியூஆர் கோடை அம்மாவின் போனில் திறந்து, பாடத்தைக் காணொளியாகக் கேட்கலாம். "அவனுக்கு மட்டும் ஏன் டீச்சர்?" என்று மற்ற பிள்ளைகள் கேட்பார்கள். மறைக்காமல் சொல்லுங்கள்: அவனுக்கு எழுத்து ஒட்ட நேரமாகிறது, உனக்குப் பெருக்கல் வர நேரமாகவில்லையா? பிள்ளைகள் பெரியவர்களைவிடச் சுலபமாக இதை ஏற்றுக்கொள்வார்கள்.

கணக்கைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. மனக்கணக்கில் கெட்டியாக இருந்து, எழுத்துக் கணக்கில் மட்டும் கோட்டைவிட்டால் அது பெரும்பாலும் வாசிப்புச் சிக்கலின் நீட்சி. கேள்வியை வாசித்துக் காட்டினால் தீர்ந்துவிடும். வாய்ப்பாடு மனப்பாடமாகாமல் இருப்பதும் இந்தப் பிள்ளைகளிடம் சகஜம். அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். ஏழு பெரியதா ஒன்பது பெரியதா என்பதிலேயே தடுமாறினால், கடன் வாங்கிக் கழிப்பதில் பத்து என்பது என்னவென்றே பிடிபடவில்லை என்றால், அது டிஸ்கால்குலியாவாக (எண்களில் வரும் கற்றல் குறைபாடு) இருக்கலாம், தனியாகப் பார்க்க வேண்டும். புளியங்கொட்டையும் பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சியும் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

அம்மாவிடம் பேசுவதுதான் இதில் எல்லாவற்றையும்விட முக்கியம் என்று எனக்குப் படுகிறது. சோம்பேறி என்று அவர் சொல்வது கோபத்தில் இல்லை, பயத்தில். சோம்பல் என்றால் திருத்திவிடலாம், குறை என்றால் என்ன செய்வது என்ற பயம். குற்றம் சொல்லாமல், பையன் வாயால் சொன்ன ஒரு நல்ல பதிலை முதலில் சொல்லிக்காட்டுங்கள். அப்புறம், அவனுக்கு வாசிக்க வராதது வீம்பால் இல்லை, மற்றவர்களைவிட மூன்று மடங்கு உழைத்துத்தான் ஒரு வரியைத் தாண்டுகிறான் என்று சொல்லுங்கள். இந்தப் பக்கம் பல வீடுகளில் அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார், வீட்டில் படிப்பைக் கவனிப்பது அப்பத்தாவாக இருக்கும். தனக்குப் படிக்கத் தெரியாதே என்று அப்பத்தா ஒதுங்கிக்கொள்வார். அவரால் முடிந்த பெரிய உதவி ஒன்று உண்டு. அன்றைக்கு நடந்த பாடத்தைப் பேரன் சொல்ல, அவர் கேட்க வேண்டும். புரியவில்லை என்றால் திரும்பக் கேட்க வேண்டும். விடுகதை போட வேண்டும். சாயங்காலம் இரண்டு மணி நேர டியூஷனில் பள்ளிக்கூடத்தில் நடந்ததையே மறுபடி எழுதவைப்பதால் இவனுக்குப் பயனில்லை, களைத்துப்போவான். அடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். பையனிடமும் நேரடியாகப் பேசுங்கள். தான் மக்கு என்று அவன் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருப்பான், அதை நீங்கள்தான் மாற்ற முடியும்.

வீட்டார் செலவழிக்கக் கிளம்பும் சில விஷயங்களைப் பற்றி. நிறக் கண்ணாடி, கண் பயிற்சி, ஞாபக மாத்திரை, மூளையைத் தூண்டும் பயிற்சி வகுப்பு, இவற்றால் வாசிப்பு மேம்படும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. டிஸ்லெக்ஸியாவுக்கென்று வந்திருக்கும் தனி எழுத்துருக்களும் அப்படித்தான். எழுத்தைப் பெரிதாக்கி, இடைவெளி விட்டு அச்சடித்தாலே போதும். "இந்தப் பிள்ளைகள் எல்லாருக்கும் வேறு ஏதாவது ஒன்றில் மேதைமை இருக்கும்" என்பதும் நிரூபணமாகாத பேச்சு. ஆறுதலுக்குச் சொல்லப்போய்ப் பிள்ளை மேல் புதுச் சுமை ஏற்றிவிடுகிறோம். இங்கிலீஷ் மீடியத்திலிருந்து தமிழுக்கோ, தமிழிலிருந்து இங்கிலீஷுக்கோ மாற்றினால் சரியாகுமா என்று கேட்பார்கள். மீடியத்தை மாற்றுவதால் குறைபாடு போகாது. தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு பெரிதும் ஒழுங்கானது. அதனால் 6, 7-ஆம் வகுப்பு வரும்போது இவன் பிழையில்லாமல் வாசிக்கக்கூடும், ஆனால் மிக மெதுவாக. அப்போது எல்லாரும் "சரியாகிவிட்டது" என்று விட்டுவிடுவார்கள். அந்த மெதுவும் இதே குறைபாடுதான். பத்தாம் வகுப்பில் நேரம் போதாமல் அது திரும்ப வந்து நிற்கும். இங்கிலீஷில் எழுத்துக்கூட்டும் ஒழுங்கு தாறுமாறு என்பதால் அங்கே கூடுதலாகத் திணறுவான், அதற்கும் தயாராக இருங்கள்.

தலைமையாசிரியர் சொன்னதற்கு வருகிறேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, கற்றல் குறைபாட்டை 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது; 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் அது இல்லை. புதிய சட்டத்தின் 16-ஆவது பிரிவு, அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் எல்லாம் பாகுபாடில்லாமல் சேர்த்துக்கொண்டு, கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிந்து, அதற்குத் தக்கபடி கற்பிக்க வேண்டும் என்கிறது. உதவிபெறும் பள்ளியும் இதில் அடக்கம். சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டாலும், இந்தப் பையனுக்குச் சிறப்புப் பள்ளி தேவையே இல்லை. நம் பக்கத்துச் சிறப்புப் பள்ளிகள் பெரும்பாலும் செவித்திறன் குறைந்தவர்களுக்கும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் ஆனவை. கண்மாயையும் கலுங்கையும் பற்றி இவ்வளவு பேசுகிற பிள்ளை, அதைக் கேட்கவும் மறுத்துப் பேசவும் ஆள் இருக்கிற வகுப்பில்தான் உட்கார வேண்டும். ஒரு வருஷம் அதே வகுப்பில் போட்டுவைப்பதும் தீர்வாகாது. அதே முறையில் இன்னொரு வருஷம் கற்பித்தால் அதே இடத்தில்தான் நிற்பான்.

ஆனால் இதை நீங்கள் ஒருவராகச் சுமக்கக் கூடாது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது. நடைமுறையில் ஒருவரே பல பள்ளிகளைச் சுற்றுகிறார் என்பதை நானே அறிவேன். அதனால் வரட்டும் என்று காத்திராமல் தலைமையாசிரியர் மூலம் எழுத்தில் கேளுங்கள், சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளைக் கண்டறிய அரசு வைத்திருக்கும் நலம் நாடி செயலியில் பதியுங்கள். காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்விக்குத் தனித் துறை இருக்கிறது. பயிற்சி மாணவர்களை உங்கள் பள்ளிக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம், கேட்பதில் நஷ்டமில்லை. நீங்களே கற்றுக்கொள்ள விரும்பினால் சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது.

சான்றிதழ் பிறகு வரும் கதை, ஆனால் மறந்துவிடக் கூடாது. மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 8 வயது நிரம்பிய பிறகுதான் கற்றல் குறைபாட்டுக்குச் சான்று என்று இருந்தது. 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பார்க்க வேண்டும் என்றும் இருந்தது. 2024-இல் அந்த வழிகாட்டுதல் மாற்றப்பட்டது, இப்போதைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழித்தாளிலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் இதை வைத்துத்தான். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி கேட்டு, 8-ஆம் வகுப்புக்குள் இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. பத்தாம் வகுப்பில் அலைந்தால் பிள்ளையின் நிம்மதி போய்விடும். மொழி விலக்கை அவசரப்பட்டு வாங்காதீர்கள். பின்னால் அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த்தாள் தேவைப்படலாம். கூடுதல் நேரமே பலருக்குப் போதுமானது. எழுதுபவர் வேண்டும் என்றால் அதற்கும் பழக்கம் வேண்டும். பதிலை மனதில் கோத்து, ஒருவர் எழுதும் வேகத்துக்குச் சொல்வது தனித் திறமை. அதை 9-ஆம் வகுப்பிலாவது வகுப்புத் தேர்வுகளில் பழக்கிவிட வேண்டும்.

சிறப்புப் பயிற்றுநர் வருவதற்குள் நீங்கள் ஒரு நோட்டுப் போட்டுவையுங்கள். தேதி, அன்று எடுத்த குறி, அவன் வாசித்த சொல், அதை அவன் எப்படி வாசித்தானோ அப்படியே. திருத்தி எழுதாதீர்கள், 'தேரட்டம்' என்றால் 'தேரட்டம்' என்றே எழுதுங்கள். வாரம் ஒரு தடவை ஒரே அளவுள்ள பத்தி ஒன்றைக் கொடுத்து, ஒரு நிமிஷத்தில் எத்தனை சொல் சரியாக வாசித்தான் என்று குறியுங்கள். அவனுடைய பழைய நோட்டிலிருந்து நாலைந்து பக்கம், கண் காது பரிசோதனைச் சீட்டு, 1-ஆம் வகுப்பிலிருந்து வருகை விவரம் ஆகியவற்றையும் அதிலேயே வையுங்கள். மூன்று மாதம் இப்படி நடத்தினால், கற்பிக்கப்படாத பிள்ளையாக இருந்தால் மடமடவென்று ஏறிவிடுவான். ஏற்றம் ஒரு சொல், இரண்டு சொல் என்றே நகர்ந்தால், அந்த நோட்டோடு மாவட்ட இடையீட்டு மையத்துக்கு (பிள்ளைகளின் குறைபாடுகளை மதிப்பிடும் அரசு மையம்) அனுப்பச் சொல்லி பயிற்றுநரிடம் கேளுங்கள். அங்கே மதிப்பீடு செய்கிறவர்கள் முதலில் கேட்கப்போவது இந்த விவரங்களைத்தான், கையில் இருந்தால் அம்மாவும் பையனும் இரண்டாவது தடவை பஸ் ஏற வேண்டியிருக்காது.